இஞ்ஞாசி கட்டிய கம்ப்யூட்டர்

விசிறி சுற்றியது. முகப்பில் பச்சைப் பொட்டு எரிந்தது. டிஸ்க் டிரைவ் ஏதோ பேச வருவதுபோல் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. திரை மட்டும் கரிச்சட்டியாக இருந்தது.

இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அதில் அவருடைய மூக்கு தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"என்னங்க, வந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் அவருடைய மனைவி அல்போன்சம்மாள்.

"வந்துக்கிட்டே இருக்கு."

"எங்கேருந்து வருது, ஜோகூர்லேருந்தா? கோழிக்கறி ஆறிப்போவுது, வாங்க."

இஞ்ஞாசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு இது வெறும் பெட்டி இல்லை, மானப் பிரச்சினை.

போன மாதம் தமிழ்ப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஃபாதர் லாசரஸ், கோயில் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னார். எண்பத்தாறாம் வருஷம். கம்ப்யூட்டர் விற்ற விலைக்கு ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். எல்லாரும் தத்தம் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். இஞ்ஞாசியின் கை மட்டும் தானாக மேலே போனது.

"புதுசு எதுக்கு ஃபாதர்? சாமானா வாங்கி நானே பூட்டித் தர்றேன். என் காணிக்கையா இருக்கட்டும்!"

அந்தக் கை ஏன் போனது என்று அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை. அவர் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பாரே தவிர, எதையும் எதிலும் பூட்டியவர் இல்லை. ஒருமுறை கோயில் மைக் மக்கர் செய்தபோது அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது பேசிவிட்டது. அன்று முதல் மின்சாரச் சாமான்கள் தன் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அடுத்த ஞாயிறே ஃபாதர் பீடத்தில் நின்று அறிவித்துவிட்டார். கோயிலே கைதட்டியது. திருவிழா அன்று எல்லார் முன்னிலையிலும் அந்தக் கம்ப்யூட்டரை வைத்து மந்திரிப்பது என்று ஏற்பாடு. இப்போது அந்தக் கைதட்டல்தான் இஞ்ஞாசியின் காதில் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு அந்த வாசலை எப்படி மிதிப்பது?

முதலில் அவர் மொத்தத்தையும் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்தார். திரை விடியவில்லை. ஆனால் கொஞ்சம் திருகாணிகள் மிச்சம் வந்தன. சிக்கனமாகப் பூட்டியிருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவற்றை ஒரு மைலோ டப்பாவில் போட்டு வைத்தார்.

சனிக்கிழமை, பெட்டியைத் துணிக்கூடையில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தி, டாக்சி பிடித்து சிம் லிம் டவருக்குப் போனார். அங்கே மூன்றாவது மாடியில் யாக்கூப்பின் கடை. ஓர் ஆள் பக்கவாட்டில்தான் உள்ளே நுழைய முடியும். எல்லாச் சாமானும் அங்கே வாங்கியதுதான்.

யாக்கூப் போர்வையை விலக்கிப் பார்த்தான். "என்னண்ணே, புள்ளைக்குக் காய்ச்சலா?"

"கண்ணே தொறக்க மாட்டேங்குது யாக்கூப்."

யாக்கூப் கடை மானிட்டரின் வயரை எடுத்துப் பெட்டியில் செருகினான். டிஸ்க்கைப் போட்டான். சுவிட்சைத் தட்டினான். பளிச்சென்று பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

"அண்ணே, இதுல ஒரு குறையும் இல்லலா! ஃபேக்டரி ஆளுங்ககூட இவ்ளோ நீட்டா பூட்ட மாட்டாங்க" என்று சொல்லி, விளையாட ஒரு எலி கேம் டிஸ்க்கையும் சும்மா கூடையில் போட்டான்.

இஞ்ஞாசிக்கு உச்சி குளிர்ந்துபோனது. டாக்சியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 'நீட்டா' என்ற சொல்லை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தார். வீட்டில் பூட்டினார். சுவிட்சைப் போட்டார்.

கரிச்சட்டி.

"அப்போ மானிட்டர்லதான் கோளாறு" என்று மறுவாரம் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். யாக்கூப் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கே தடவி இங்கே தட்டிச் சுவிட்சைப் போட்டான். பளிச்!

"நல்ல மானிட்டர்ணே இது. உங்க வீட்டுல என்னமோ இருக்கு" என்றான்.

திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலிலேயே அல்போன்சம்மாள் காத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி சாமான், இங்க குடுங்க. நீங்க கூடையைப் பத்திரமாப் புடிங்க" என்று மானிட்டரைக் குழந்தையைப்போல் வாங்கி அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முழங்கால் வலி என்று ஒரு கிலோ வெங்காயம்கூடத் தூக்காதவள். இஞ்ஞாசிக்கு மனசு நிறைந்துவிட்டது.

வீட்டில் பூட்டினார். மறுபடியும் கரிச்சட்டி.

பக்கத்து வீட்டு வேலாயுதம் எட்டிப் பார்த்தான். பேருந்து ஓட்டுபவன். ஸ்டியரிங் இல்லாத நேரத்தில் அவன் கையும் வாயும் சும்மா இருக்காது.

"அங்க ஓடுது, இங்க ஓடல. அப்போ கோளாறு பெட்டியில இல்லண்ணே."

"பின்னே?"

"வீட்டுல! உங்க வீட்டு கரண்ட்டு சொத்தை. எங்க வீட்டுலேருந்து வயர் இழுப்போமா?"

இழுத்தார்கள். வேலாயுதம் வீட்டு ஹாலிலிருந்து நடைபாதை வழியாக, செருப்புகளையும் பூந்தொட்டிகளையும் சுற்றி வளைத்துக்கொண்டு ஒரு நீண்ட வயர் வந்து சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து வேலாயுதம் வீட்டுத் தொலைக்காட்சியில் மலேசியக் கிண்ணக் கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாடியில் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கப்பூருக்குப் பெனால்ட்டி. நம் ஆள் ஓடிவந்து காலைத் தூக்கினான். இஞ்ஞாசி இந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டார்.

டப்பென்று மெயின் விழுந்தது. தூக்கிய கால் பந்தைத் தொட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அலாமா!" என்று அந்த மாடியே அலறியது. அன்று முழுக்க இஞ்ஞாசி வெளியில் தலைகாட்டவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சும்மா ஆசைக்குப் பெட்டியின் மேல் கையை வைத்தார். சுட்டது.

"என்ன அல்போன்சா, பெட்டி இப்படிக் கொதிக்குது?"

அல்போன்சம்மாளோடு சோபாவில் உட்கார்ந்திருந்த வேலாயுதத்தின் மனைவி பூவம்மா சட்டென்று எழுந்து, "அடுப்புல பாலு வச்சுட்டு வந்துட்டேன்" என்று ஓடினாள்.

"மத்தியான வெயில் நேரா ஜன்னல் வழியா அதுமேலதானே அடிக்குது" என்றாள் அல்போன்சம்மாள்.

அப்படியானால் கோளாறு சூட்டில்தான்! இஞ்ஞாசி ஓடிப்போய் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை வாங்கி மாட்டினார். படுக்கையறை மேசை விசிறியைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேராக வைத்தார். வீடு குகையாக இருண்டது. படுக்கையறை இட்லிக் கொப்பரையாக அவிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஜிலுஜிலுவென்று காற்று வாங்கிக்கொண்டு இருட்டாகவே இருந்தது.

"திசை சரியில்லண்ணே" என்றான் வேலாயுதம். "தெற்கு பாத்து வச்சா எது வெளங்கும்? கிழக்க பாக்கணும்."

"நாங்க வேதக்காரங்க வேலா. அதெல்லாம் பாக்க மாட்டோம்."

"நீங்க வேதக்காரர், சரி. கம்ப்யூட்டரு எந்த மதம்லா?"

இஞ்ஞாசி ஒருமுறை கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மேசையைத் தூக்கினார். மூலையில் இருந்த மாதா சுரூபத்தை நகர்த்தும் தைரியம் அவருக்கு வரவில்லை. ஆகவே மாதாவைத் தவிர மற்ற எல்லாம் இடம் மாறின. குளிர்சாதனப் பெட்டி ஹாலுக்கு வந்தது. சோபா சமையலறை வாசலில் குறுக்கே கிடந்தது. சாப்பாட்டு மேசை குளியலறைக் கதவை அடைத்தது. இனிமேல் குளிக்கப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும். கிழக்கைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்த கம்ப்யூட்டருக்குப் பூவம்மா தன் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள்.

"திருஷ்டிண்ணே. கோயில் முழுக்கக் கை தட்டுச்சில்ல, அத்தனை கண்ணு!"

அதற்கும் அது அசையவில்லை.

இத்தனை கூத்திலும் இஞ்ஞாசியை ஆச்சரியப்படுத்தியது அல்போன்சம்மாள்தான். ஒரு கரண்டி இடம் மாறினால் வீட்டை ரெண்டாக்குகிற பெண்மணி, குளிர்சாதனப் பெட்டியே இடம் மாறியும் வாய் திறக்கவில்லை. சோபாவைத் தாண்டிச் சமையலறைக்குள் குதித்துக் குதித்துப் போனாள். மீன் குழம்பில் இரண்டுமுறை உப்புப் போட்டாள், ஒருநாள் புளியே போடவில்லை. அவளுக்கும் கவலைதான், பாவம் என்று அவர் சொல்லாமல் சாப்பிட்டார்.

"மெதுவாப் பாருங்க. என்ன அவசரம்? வராட்டி என்ன, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

"திருவிழா வருதே அல்போன்சா!"

"வரட்டுமே. அடுத்த வருஷம்கூடத்தான் திருவிழா வரும்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு இதமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் ஓடாத துக்கத்துக்கு நடுவிலும், நமக்கு வாய்த்தவள் தங்கம் என்று நினைத்து அவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால், வீட்டில் இப்படி ஒரு நிம்மதி என்றைக்குமே இருந்ததில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. ஏன் முன்பே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். கோளாறு வீட்டில் என்றால் வீட்டைத்தானே மந்திரிக்க வேண்டும்!

"ஃபாதரையா கூப்பிடப் போறீங்க?" அல்போன்சம்மாளின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. "பெருநாள் வேலையில இருக்கிற மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?"

"ஒரு சொட்டுத் தீர்த்தம் போதும். எல்லாம் சரியாயிடும்."

பின்னேரம் ஃபாதர் லாசரஸ் அங்கி சரசரக்க வந்து சேர்ந்தார். கையில் தீர்த்தச் செம்பு. வாசலில் வேலாயுதமும் பூவம்மாவும் கைகட்டி நின்றார்கள். உள்ளே நுழைந்த ஃபாதர், ஹால் நடுவே நின்ற குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். குறுக்கே கிடந்த சோபாவைப் பார்த்தார். பட்டப்பகலில் வீடு இருண்டு கிடப்பதைப் பார்த்தார்.

"வீடு மாறிப் போறீங்களா இஞ்ஞாசி?"

"இல்ல ஃபாதர், கம்ப்யூட்டருக்காக."

"இந்த எலுமிச்சம்பழம்?"

"அது... ஊறுகாய்க்கு ஃபாதர்" என்று இஞ்ஞாசி அதைப் பிடுங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வீசினார்.

ஃபாதர் ஜெபம் சொல்லி அறை அறையாகத் தெளித்தார். குளியலறைக்கு வயிற்றை எக்கிக்கொண்டு போக முயன்று பாதியில் சிக்கினார். வேலாயுதம் பின்னாலிருந்து இழுத்துவிட்டான். கடைசியில் கம்ப்யூட்டரின் முன்னால் வந்து நின்றார்.

"நல்லாத் தெளிங்க ஃபாதர். மூடியைத் தொறக்கட்டுமா, உள்ளேயும் கொஞ்சம்?"

"வேணாம்பா! கர்த்தருக்கு மூடி ஒரு தடையில்ல" என்று பதறிய ஃபாதர், பெட்டியின் மேலும் திரையின் மேலும் பட்டும் படாமலும் தெளித்து, சிலுவை வரைந்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. டிரைவ் கனைத்தது. கண்ணைத் திறந்தார்.

திரையில் தீர்த்தத் துளிகள் வழிந்துகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் அதே இருட்டு.

இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"என்னால முடியல ஃபாதர். அவ்வளவு பேர் முன்னாடி வாக்குக் குடுத்தேன். நாளைக்கு எந்த முகத்தோட கோயிலுக்கு வருவேன்?"

ஃபாதர் செம்பைக் கீழே வைத்தார். இருமினார். அங்கியின் பொத்தானைத் திருகினார். கோயிலில் பிரசங்கத்துக்கு அஞ்சாத மனிதர் இங்கே வார்த்தை தேடினார்.

"இஞ்ஞாசி, நானே உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன். சொன்னா உன் மனசு நோகுமேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்."

"என்ன ஃபாதர்?"

"கோயிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துடுச்சு. புக்கிட் பாஞ்சாங்ல இருக்கிற ஒரு குடும்பம் புதுசாவே வாங்கிக் குடுத்துட்டாங்க. வேணாம்னு சொல்ல முடியல. நீ ராப்பகலாப் பாடுபடுறேன்னு கேள்விப்பட்டு எனக்குத் தூக்கமே இல்ல. நீ யாருக்கும் கடன்பட்டவன் இல்லப்பா. நாளைக்குப் பீடத்துல நானே அதைச் சொல்லிடுறேன். இது உன் வீட்டுலயே இருக்கட்டும்."

இஞ்ஞாசியின் தோளிலிருந்து மூட்டை ஒன்று இறங்கியது. கொஞ்சம் வருத்தமும் இருந்தது. ஆனால் மூட்டை இறங்கிய சுகம்தான் பெரிதாக இருந்தது.

"அப்போ இது கோயிலுக்குப் போகவே போகாதா ஃபாதர்?" என்று சோபாவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் அல்போன்சம்மாள். குரல் நடுங்கியது. ஏமாற்றம் தாங்கவில்லை போலும் என்று இஞ்ஞாசிக்குப் பரிதாபமாக இருந்தது.

"போகாதும்மா. இங்கேயேதான்."

அல்போன்சம்மாள் சோபாவை ஒரே தாவாகத் தாண்டி வந்தாள்.

"ஐயோ, தண்ணி சொட்டுது பாருங்க" என்று முந்தானையால் திரையை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள்.

துடைத்த கையை அவள் எடுத்ததும், திரையில் பச்சைப் பசேலென்று எழுத்துகள் பூத்தன.

"ஆண்டவரே!" என்று இஞ்ஞாசி முழங்காலில் விழுந்தார். வேலாயுதம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஃபாதர் லாசரஸ் தன் தீர்த்தச் செம்பைத் தூக்கி அடியிலும் மேலேயும் பார்த்தார்.

"ஃபாதர், இப்போ ஓடுதே! நாளைக்கே கோயிலுக்குக் கொண்டாந்துடட்டா? ரெண்டு இருந்தா நல்லதுதானே?"

"என்னங்க பேசறீங்க?" என்று குறுக்கே பாய்ந்தாள் அல்போன்சம்மாள். "இங்கேயே இருக்கட்டும்னு சாமி வாயால வந்த பிறகுதானே வெளிச்சம் வந்துச்சு? அந்த வாக்கை மீறலாமா? மறுபடி இருட்டிக்கிட்டா?"

ஃபாதர் ஒரு கணம் யோசித்தார். இதை மறுத்துப் பேச அவர் படித்த சாஸ்திரத்தில் இடமில்லை.

"அம்மா சொல்றது சரிதான்" என்றார். "எங்க, ஏதாவது அடிச்சுக் காட்டு இஞ்ஞாசி. முதல்ல உன் சம்சாரம் பேரை அடி."

இஞ்ஞாசி ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி அல்போன்சம்மாளின் பெயரை அடித்து முடித்தார். பெட்டி ஒரு கணம் யோசித்துவிட்டுக் கீழே ஒரு வரியைக் காட்டியது. ஃபாதர் குனிந்து படித்தார்.

"பேட் கமாண்ட்னு சொல்லுது."

"ஆள் யாருன்னு கரெக்ட்டா கண்டுபிடிச்சிடுச்சுலா!" என்றான் வேலாயுதம். அல்போன்சம்மாள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இஞ்ஞாசியும் சிரித்தார். இத்தனை வாரம் கழித்து அவருக்கு வயிறு பசித்தது. தன் கையால் பூட்டிய பெட்டி, தன் வீட்டில், தன் மனைவியின் பெயரை எழுதிக்கொண்டு ஒளிர்கிறது. ஒரு மனுஷனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்!

ஃபாதர் கோப்பி குடித்து, எல்லாரையும் ஆசீர்வதித்துவிட்டுக் கிளம்பினார். காலிக் கோப்பையை வைக்க இஞ்ஞாசி சோபாவின் மேல் ஏறிச் சமையலறைப் பக்கம் எட்டினார். உள்ளே பூவம்மா அல்போன்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். பூவம்மாவின் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யக்கா, இனிமே சாயங்காலம் அண்ணன் வர்ற நேரம் பாத்து, திரைக்கு அடியில நீங்க தூசி துடைக்கறப்போ கண்டுபுடிச்ச அந்த வெளிச்சத் திருகைத் திருப்பி இருட்டாக்கி வைக்க வேணாம்ல? அப்போ நாளையிலேருந்து மத்தியானம் எலி கேமை நான் அவுட் ஆகிறவரைக்கும் ஆடுவேன், சொல்லிப்புட்டேன்!"